எலி விஷமும் முகப்பரு மாத்திரையும்

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல். அந்தப் புயலுக்குள் எட் கார்ல்சன் என்ற விவசாயி சுமார் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு மாடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, பால் கேனில் ரத்தம், நூறு பவுண்டு அளவுக்குக் கெட்டுப்போன தீவனம். கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை. அதுதான் அவருடைய கவலை. அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக, ரத்தப்போக்கு நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. கால்நடை அதிகாரியின் அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த ஒரு கதவைத் தேடிப் போனார். அது கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வகம்.

அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள், முடிந்தால் மாடுகளுக்கு ரத்தம் ஏற்றுங்கள் என்பதற்கு மேல் லிங்க்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. விவசாயி வந்த வழியே திரும்பினார். அவர் கொண்டுவந்த ரத்தம் மட்டும் ஆய்வகத்தில் தங்கிவிட்டது. ஆறு ஆண்டுகள் உழைத்து, 1939இல், லிங்க்கின் குழு குற்றவாளியைப் பிரித்தெடுத்தது. ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்பயிரில் கூமரின் என்றொரு மணப்பொருள் உண்டு. வைக்கோல் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்தால் அந்தக் கூமரின் டைகூமராலாக மாறிவிடும். ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையை அது முடக்கிவிடும்.

மாட்டைக் கொன்றது எலியையும் கொல்லும் அல்லவா? இதே குடும்பத்தில் இன்னும் வீரியமான ஒரு பொருளை லிங்க்கின் ஆய்வகம் உருவாக்கியது. 1948இல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பணம் கொடுத்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வார்ஃபரின்’ என்று பெயர் வைத்தார்கள். தின்றவுடன் சாகாமல் சில நாள் கழித்துச் சாவதால் எலிக்குச் சந்தேகமே வராது. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்திருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அதைத் தின்றுவிட்டார். மருத்துவர்கள் வைட்டமின் கே கொடுத்தார்கள், முழுமையாகத் தேறிவிட்டார். மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். ரத்தம் உறைவதைத் தடுக்க மனிதருக்கே இதைக் கொடுக்கலாம், அளவு மீறினால் முறிமருந்து கையில் இருக்கிறது! 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதைக் கொடுத்தார்கள்.

இந்த மருந்துக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு? இதயத்தின் மேல் அறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் வெறுமனே படபடத்துக்கொண்டிருக்கும் கோளாறு வயதானவர்களிடம் நிறைய உண்டு. ஓடாத வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல, அந்த அறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி ஒருநாள் பிய்த்துக்கொண்டு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி மூளையின் குழாய் ஒன்றை அடைத்துவிடும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. வார்ஃபரின் அந்த ஆபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிடுகிறது. இன்று இதைவிட வசதியான புதிய மருந்துகள் வந்துவிட்டாலும், இயந்திர வகைச் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின் வகைதான் கதி. “கீரையை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாரம் தொடாமல் இருக்காதீர்கள்” என்று இதய மருத்துவர் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் சொல்லியிருந்தால், காரணம் கீரையில் இருக்கும் வைட்டமின் கே.

ஒரு நோய்க்கென்று (இங்கே, ஒரு பிராணிக்கென்று) வந்த மருந்தை இன்னொரு நோய்க்குத் திருப்பிவிடுவதை மருந்தின் மறுபயன்பாடு என்கிறார்கள். பக்கவாத மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால் பெரும்பாலும் இப்படி வழிமாறி வந்தவைதான். பழைய பிஸ்கட் டின்னோ பிளாஸ்டிக் டப்பாவோ, நம் வீடுகளில் மருந்துக்கென்று ஒன்று இருக்குமே, அதைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் ஆஸ்பிரின், பாட்டியின் சர்க்கரை மாத்திரை, சித்தப்பாவின் யூரிக் அமில மூட்டுவலி மாத்திரை, கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் முகப்பரு மாத்திரை. இவற்றில் பலவற்றைப் பக்கவாதத்துக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

எதற்காகப் பழையதைத் துழாவ வேண்டும், புதிதாக ஒன்று செய்ய முடியாதா என்று கேட்கலாம். செய்து பார்த்தார்கள். தோற்றார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற மருத்துவர் கணக்கிட்டார். ஆனால் அடைப்புக்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் சாவதில்லை. நடுப்பகுதி உடனே போய்விடும். சுற்றியிருக்கும் பகுதி, பக்கத்துக் குழாய்களில் இருந்து கசியும் கொஞ்சம் ரத்தத்தை வைத்துக்கொண்டு, வேலை செய்யாமல், ஆனால் சாகாமல், சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியில் அணுக்களைக் காப்பாற்ற ஏதாவது கொடுக்க முடியாதா என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கனவு. அதே 2006இல் வெளியான இன்னொரு கட்டுரை, அதுவரை ஆய்வகங்களில் பக்கவாதத்துக்கு முயன்று பார்த்த சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தது. மொத்தம் 1,026. அவற்றில் எலியைக் குணப்படுத்தியவை ஏராளம். மனிதரின் நரம்பணுவைக் காப்பாற்றியதாக ஐயமற நிறுவப்பட்ட ஒன்றுகூட இல்லை. ஆய்வகத்து எலி இளசு, அதற்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கிடையாது, அதன் குழாயை அடைத்த நேரம் நொடிக்கணக்கில் தெரியும். எழுபது வயது மனிதருக்கு இவை எதுவும் பொருந்தாது.

ஆக, ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் விழுங்கிப் பார்த்த, பாதுகாப்பு தெரிந்த மருந்துகளின் பக்கம் கண் திரும்பியதில் வியப்பில்லை. இந்த வரிசையில் முதல் மரியாதை ஆஸ்பிரினுக்கு.

ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897இல் தயாரான தலைவலி மருந்து அது. அதை ரத்தக் குழாய்களின் பக்கம் திருப்பிவிட்டவர்களில் ஒருவர், கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் என்ற ஊரில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த லாரன்ஸ் கிரேவன். டான்சில் அறுவை முடிந்த குழந்தைகளுக்கு வலி தெரியாமல் இருக்க, ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம்மை மெல்லச் சொல்வது அப்போது வழக்கம். அதிகமாக மென்றவர்களுக்கு ரத்தம் நிற்கவில்லை. வேறொருவராக இருந்தால் சூயிங்கம்மை நிறுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். கிரேவன் தானே நாளைக்குப் பன்னிரண்டு மாத்திரை விழுங்கி, மூக்கில் ரத்தம் வரும்வரை பார்த்தார். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் குணம் ஓர் இடத்தில் தொல்லை என்றால், குழாயில் கட்டி கட்டும் இடத்தில் அதுவே உதவி என்று அவருக்குப் பட்டது. தன்னிடம் வந்த நடுவயது ஆண்களுக்கெல்லாம் ஆஸ்பிரின் கொடுத்தார். 1956இல், ஏறத்தாழ 8,000 பேருக்குக் கொடுத்ததாகவும், அது இதயத்தையும் மூளையையும் அடைப்பிலிருந்து காப்பதாகவும், அதிகம் பேர் படிக்காத ஒரு மருத்துவ இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பிரின் தின்னாத ஒரு கூட்டத்தை அவர் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை என்பதால், கண்டுகொள்ளாததையும் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். மாரடைப்பு.

ஆஸ்பிரின் செய்யும் வேலையின் நுட்பம் தெரிந்தால் வியக்காமல் இருக்க முடியாது. காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்பவை தட்டணுக்கள். இவை முழு அணுக்கள் அல்ல, எலும்பு மஜ்ஜையில் ஒரு பெரிய அணுவிலிருந்து உதிரும் துணுக்குகள். உட்கரு கிடையாது. ‘எல்லாரும் இங்கே வாருங்கள்’ என்று மற்றத் தட்டணுக்களை அழைக்கும் ரசாயனத்தைச் செய்ய ஒரு நொதி அவற்றுக்குள் இருக்கிறது. ஆஸ்பிரின் அந்த நொதியில் தன் மூலக்கூறின் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். பூட்டுக்குள் தீக்குச்சியை ஒடித்து வைப்பதைப் போல. வேறு அணுவாக இருந்தால் புதிய நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்குத்தான் உட்கரு இல்லையே! அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாளும் அது ஊமைதான். ஆஸ்பிரின் ரத்தத்தில் இருப்பது சில நிமிடங்கள், விளைவோ ஒரு வாரத்துக்கு மேல். தலைவலிக்கு 300 மில்லிகிராம் விழுங்குகிற இடத்தில் தாத்தாவுக்கு 75 மில்லிகிராம் போதும் என்பதன் காரணம் இது. ஜான் வேன் 1971இல் ஆஸ்பிரின் வேலை செய்யும் முறையை விளக்கினார், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பக்கவாதத்தில் ஆஸ்பிரினை முறைப்படி சோதித்தது கனடா. ஹென்றி பார்னெட் தலைமையில் நடந்த ஆய்வு 1978இல் வெளியானது. 585 நோயாளிகள். ஆஸ்பிரினோடு சல்ஃபின்பைரசோன் என்ற இன்னொரு மருந்தும் போட்டியில் இருந்தது. அதுவும் வழிமாறி வந்ததுதான், யூரிக் அமில மூட்டுவலிக்கான மருந்து. மூட்டுவலி மருந்து மண்ணைக் கவ்வியது, ஆஸ்பிரின் பக்கவாதத்தையும் சாவையும் சேர்த்து 31 விழுக்காடு குறைத்தது. இந்த ஆய்வில் ஒரு கோணலும் நடந்தது. பெண்களிடம் பலன் தெரியவில்லை. சேர்ந்திருந்த பெண்கள் குறைவு, எண்ணிக்கை போதாததால் வந்த மயக்கம் அது. ஆனாலும் அமெரிக்க அரசு 1980இல் ஆண்களுக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்தது. பெண்களுக்கும் அதே பலன் உண்டு என்று பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. சின்ன ஆய்வு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு இது முதல் பாடம். அடுத்த பாடம் இதைவிடக் கசப்பாக வரப்போகிறது.

1997இல் இரண்டு பிரம்மாண்டமான ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. ஒன்று பல நாடுகளிலும் மற்றொன்று சீனாவிலுமாக, இரண்டிலும் சேர்த்து சுமார் 40,000 நோயாளிகள். அடைப்பால் பக்கவாதம் வந்த இரண்டு நாளுக்குள் ஆஸ்பிரின் தொடங்கினால் ஆயிரம் பேரில் ஒன்பது பேருக்குச் சாவோ மறு தாக்குதலோ தவிர்க்கப்படுகிறது. ஒன்பதுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரு சிட்டிகை மாவுக்கு ஆகும் செலவில் ஆயிரத்துக்கு ஒன்பது பேர்! அந்த ஒன்பதைக் கண்டுபிடிக்க நாற்பதாயிரம் பேர் தேவைப்பட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆஸ்பிரின் புதுக் கட்டியைத் தடுக்கும், இருக்கும் கட்டியைக் கரைக்காது. கரைக்கும் மருந்துகள் இதயப் பிரிவிலிருந்து கடன் வாங்கியவை. மாரடைப்பில் பேர் வாங்கிய ஸ்ட்ரெப்டோகைனேசை மூளைக்குக் கொண்டுவந்தபோது ரத்தக்கசிவு மிஞ்சிப்போய், 1990களில் ஆய்வுகளை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மாரடைப்புக்கு 1987இல் அனுமதி பெற்ற ஆல்டிபிளேஸ் மட்டும் கரை சேர்ந்தது. 624 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1995இல் வெளிவந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ சொற்ப ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 விழுக்காடு கூடுகிறது. மூளையில் ரத்தக்கசிவு 0.6 விழுக்காட்டிலிருந்து 6.4 ஆக ஏறியதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. 2008இல் இந்த நேர எல்லை நாலரை மணியாக நீண்டது. ஆல்டிபிளேசை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அதன் தம்பியான டெனெக்டிபிளேஸ், இதுவும் மாரடைப்பு மருந்துதான், ஒரே ஊசியில் சில நொடிகளில் முடிந்துவிடும். 2022இல் கனடாவில் சுமார் 1,600 பேரிடம் நடந்த ஆய்வு, அண்ணனுக்குத் தம்பி இளைத்தவனில்லை என்று காட்டியது. அமெரிக்கா இதைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தது 2025இல்தான். இந்தியாவில் 2016லேயே அனுமதி வந்துவிட்டது. இந்த ஒன்றில் நாம் முந்திக்கொண்டோம்.

நிமோடிபைன் என்றொரு மாத்திரை பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கு அடியில் குழாய் வெடித்து ரத்தம் பரவும் வகைப் பக்கவாதத்தில், சில நாள் கழித்து மற்றக் குழாய்கள் இறுகிச் சுருங்கும். அதைத் தளர்த்தும் என்ற எண்ணத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். 1989இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 554 நோயாளிகள், மூளைத்திசு சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் படம் எடுத்துப் பார்த்தால் குழாய்களின் சுருக்கம் பெரிதாகத் தளரவில்லை! போன காரணம் பொய், கிடைத்த பலன் மெய். இன்றுவரை இந்த நோய்க்கு உலகம் முழுவதும் கொடுக்கும் மாத்திரை இது.

வெற்றிகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் விளம்பரக் கட்டுரை ஆகிவிடும். ஃப்ளுவாக்செட்டின் கதைக்கு வருவோம்.

அது மன அழுத்தத்துக்கான மாத்திரை. 2011இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பக்கவாதத்தால் கை கால் விழுந்த 118 பேரில் பாதிப்பேருக்கு மூன்று மாதம் ஃப்ளுவாக்செட்டின், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து தின்றவர்களின் கை கால் தெளிவாகவே நன்றாகத் தேறியது. கைக்கெட்டும் விலை, பழகிய மருந்து, பெரிய கெடுதல் இல்லை. பல நாடுகளில் நரம்பியல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். யார்தான் மாட்டார்கள்? வீட்டில் ஒருவர் சாய்ந்து கிடக்கும்போது, ‘இதைக் கொடுத்தால் கை கொஞ்சம் அசையுமாம்’ என்று ஒரு பேச்சு வந்தால் எந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லும்?

பிரிட்டனிலும் சுவீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிலர் மட்டும் 118 போதாது என்று நினைத்தார்கள். ஒரே மாதிரியான திட்டத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு மூன்று ஆய்வுகளை நடத்தினார்கள். பிரிட்டனில் 3,127 பேர். சுவீடனில் 1,500. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாமில் 1,280. நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதம். 2018இலும் 2020இலும் முடிவுகள் வந்தன. மூன்றும் ஒரே குரலில் பேசின. நோயாளிகள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் திறனில் எந்த வேறுபாடும் இல்லை. மன அழுத்தம் சிலருக்குக் குறைந்தது, அது அந்த மருந்தின் சொந்த வேலை. கூடவே எலும்பு முறிவுகள் அதிகரித்தன.

5,907 பேர், பல ஆண்டு உழைப்பு, கிடைத்த விடை ‘இல்லை’. பத்திரிகைகளில் இதற்குப் பெரிய தலைப்பு கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் பக்கவாத ஆராய்ச்சியில் அண்மையில் நடந்த மிக நேர்மையான வேலைகளில் ஒன்று இது. உலகெங்கும் எத்தனை முதியவர்கள் நல்லது என்று நம்பி ஆறு மாதம் அதை விழுங்கி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருப்பார்கள்! அந்தச் சங்கிலியை அறுத்தது இந்த ‘இல்லை’.

அடுத்தது நம் மண்ணோடு தொடர்புள்ள ஒன்று. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் படரவிட்டுப் பயிர் செய்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே கண்வலிக்கிழங்கு என்பார்கள். பூவுக்காக அல்ல, விதைக்காக. விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கடும் நஞ்சு, மிகச் சிறிய அளவில் யூரிக் அமில மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து. அழற்சியை அது அடக்குகிறது. ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து வெடிப்பதிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு என்று தெரியவந்தபின், இதயநோயாளிகளிடம் சோதித்து, 2023இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. இதயத்துக்கு ஆனது மூளைக்கு ஆகாதா? 2024இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. சீனாவில் 8,300க்கும் மேற்பட்டோரிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. ஐரோப்பாவை மையமாகக் கொண்ட இன்னொன்றில் 3,154 பேர், ஆண்டுக்கணக்கில் தினம் அரை மில்லிகிராம். மருந்து தின்றவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 11.7 விழுக்காட்டினருக்கும் மறு தாக்குதல் போன்ற நிகழ்வுகள். வேறுபாடு இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் தற்செயலாக இருக்கலாம் என்ற ஐயத்தைத் தாண்டவில்லை. திட்டமிட்ட எண்ணிக்கையில் நிகழ்வுகள் சேரும்வரை ஆய்வை நடத்தியிருந்தால் விடை தெளிவாகியிருக்கும். கொரோனாக் காலத்தில் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டு, முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

இங்கேதான் மறுபயன்பாட்டின் முடிச்சு இருக்கிறது. புதிய மருந்தென்றால் காப்புரிமை உண்டு, போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று நிறுவனம் கோடிகளைக் கொட்டும். காப்புரிமை முடிந்து, நூறு நிறுவனங்கள் தயாரிக்கும் பழைய மாத்திரைக்காக ஐயாயிரம் பேரிடம் ஆய்வு நடத்த யார் முன்வருவார்கள்? வென்றாலும் லாபம் இல்லை. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும்தான் செய்தாக வேண்டும். மலிவு என்பதே மருந்துக்குக் குறையாகிவிடுகிற விந்தையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நிறுவனமே முன்வந்தாலும் விதி வேறாக அமையலாம். கிளிபென்கிளமைடு, நம்மூரில் ‘டயோனில்’ என்றால் எல்லாருக்கும் தெரியும், பழைய சர்க்கரை மாத்திரை. கணையத்தில் சர் 1 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு இன்சுலினைச் சுரக்க வைக்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் மார்க் சிமார்ட் என்ற நரம்பறுவை நிபுணர் விசித்திரமான ஒன்றைக் கண்டார். நலமான மூளையணுக்களில் காணக் கிடைக்காத அதே புரதம், ரத்தம் நின்றுபோன சில மணி நேரத்தில் புதிதாக முளைக்கிறது. இன்னொரு புரதத்தோடு சேர்ந்து மடையாகத் திறக்கிறது. உப்பும் தண்ணீரும் உள்ளே புகுந்து மூளை வீங்குகிறது. மண்டையோடு விரியாது, எனவே வீக்கம் ஆளைக் கொல்கிறது. சர்க்கரை மருந்து அந்த மடையை அடைக்குமா? எலிகளில் அடைத்தது. சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தெரிந்தது. ஊசி வடிவில் 500க்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய பெரிய ஆய்வை நடத்திய நிறுவனம் இடையிலேயே நிறுத்திக்கொண்டது. சேர்ந்தவரைக்கும் பார்த்ததில் பலன் தெரியவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. இவ்வளவு அழகான விளக்கம் தோற்றதில் எனக்கே வருத்தம்தான்.

முகப்பரு மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. மினோசைக்ளின். கிருமிக்கொல்லி, ஆனால் மூளைக்குள் எளிதில் புகுந்து அங்குள்ள காவல் அணுக்களின் கொந்தளிப்பையும் தணிக்கும். 2007இல் இஸ்ரேலில் ஒரு சிறு ஆய்வு நல்ல அறிகுறி காட்டியது. 2025இல் சீனாவிலிருந்து 1,724 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு அறிவிக்கப்பட்டது. தாக்குதல் நடந்து மூன்று நாளுக்குள் தொடங்கி ஐந்து நாள் மருந்து தின்றவர்களில் 52.6 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தார்கள். மற்றவர்களில் 47.4. நூறு பேருக்கு ஐந்து பேர். உண்மையென்றால் பெரிய செய்தி. ஃப்ளுவாக்செட்டினிடம் சூடு பட்டவர்கள் வேறு நாடுகளிலும் இது நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைதட்டுவார்கள், நானும் அப்படியே. இன்னொரு பக்கம், எடின்பரோவில் ஜோனா வார்ட்லா குழுவினர், மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய குழாய்கள் அடைபடும் வகைக்கு, ஒரு நெஞ்சுவலி மாத்திரையையும் கால் ரத்தக்குழாய் அடைப்புக்கான சிலோஸ்டசோலையும் 363 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் தொடக்கம். இப்போதைக்குத் தொடக்கம் மட்டும்தான்.

இத்தனையும் படித்துவிட்டு, வீட்டில் யாருக்காவது வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறினால் உடனே அந்த டப்பாவைத் திறந்து ஓர் ஆஸ்பிரினை வாயில் போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்வதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அதைச் செய்பவர்கள் உண்டு. குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்பது வெளியிலிருந்து பார்த்தால் எந்த மருத்துவருக்கும் தெரியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வெடித்ததாக இருந்தால் நீங்கள் போட்ட மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும். விழுங்கும் தசைகளும் விழுந்திருந்தால் மாத்திரையும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகும். 108ஐ அழையுங்கள், ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். டப்பாவில் இருக்கும் மாத்திரை அட்டைகளை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள், அவற்றில் வார்ஃபரின் வகை ஏதாவது இருந்தால் மருத்துவர் தெரிந்தாக வேண்டும். அங்கே உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நன்றாக இருந்தார்?” அந்த நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.